மணிக்கு வைத்த பொட்டு

"பதினாலு பேருங்க மேடம். பதினாலு வாய். ஒரு வாயிலிருந்தாவது உண்மை வருதா? நான் மேனேஜரா, இல்ல சும்மா சட்டையை இன் பண்ணிட்டுச் சுத்தற ஆளா?"

தண்டபாணி இதைச் சொல்வது அன்றைக்கு மூன்றாவது முறை. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

"சட்டை நல்லாத்தான் இருக்கு," என்றார் ஃப்ளோரா.

"மேடம், நான் சண்டை போட வந்திருக்கறேன்."

"தெரியுது. கதவைச் சாத்திட்டுப் போடுங்க. கம்ப்ரசர் சத்தத்துல பாதி கேட்கல."

தண்டபாணி கதவைச் சாத்தினார். சாத்தியதும் கோபத்தில் பாதி வெளியே நின்றுவிட்டது.

ஃப்ளோராதான் அந்தத் தொழிற்சாலைக்குத் தலைமை. வயது நாற்பது. தண்டபாணிக்கு ஐம்பத்திரண்டு. யார் யாருக்குக் கற்றுக்கொடுப்பது என்பதை நரையைப் பார்த்து முடிவு செய்கிறவர்களுக்கு இந்த ஏற்பாடு செரிக்கவில்லை. செரிக்காதவர்கள் பெருங்காயம் சாப்பிடட்டும்.

கோவைக்கு வெளியே, மேசை மேல் வைக்கிற மாவு கிரைண்டர் செய்யும் இடம் அது. இருபத்தாறு வருஷம் லேத்தில் நின்ற தண்டபாணியை, இரண்டு மாதத்துக்கு முன் இரண்டாம் லைனுக்கு மேனேஜராகப் போட்டது ஃப்ளோரா.

இப்போது இரண்டாம் லைன் கிரைண்டர்கள் கடைகளிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தன. மாவு கறுக்கிறதாம்.

உளுந்தை ஊறப்போட்டு, நேரம் பார்த்து அரைக்கப் போட்டவளிடம் சாம்பல் நிறத்தில் மாவைக் கொடுத்தால், அவள் கடைக்காரரை என்ன சொல்வாள் என்பதை இங்கே எழுத முடியாது.

மாதக் கடைசி வரை பார்ப்பேன் என்றிருந்தார் முதலாளி. அதற்குள் சரியாகாவிட்டால் இரண்டாம் லைனை மூடிவிடுவார். அந்த லைனில் வேலை செய்யும் பதினாலு பெண்களும் வீட்டுக்கு. தண்டபாணி மறுபடி லேத்துக்கு.

மாதம் முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது.

"திரும்பி வந்ததை எல்லாம் பிரிச்சுப் போட்டு அளந்துட்டனுங்க," என்றார் தண்டபாணி. "எல்லா அளவும் சரி. ஓட்டியும் பாத்தாச்சு. அரைக்கறவங்கதான் சரியில்லைன்னு நெனைக்கறேன்."

ஃப்ளோரா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க வீட்ல யார் அரைக்கறது?"

"சம்சாரம்."

"இதை அவங்ககிட்ட சொன்னீங்களா?"

தண்டபாணி இல்லை என்று வேகமாகத் தலையாட்டினார். உயிர்மேல் ஆசை உள்ளவர்.

கையில் ஒரு தடித்த ஃபைல் வைத்திருந்தார். மேனேஜர் ஆனதும் ஐந்து நாள் வகுப்புக்கு அனுப்பியபோது கொடுத்தது. வேலையைத் திட்டமிடுவது, சரக்கு இருப்பு, இயந்திரப் பராமரிப்பு, தரம், பாதுகாப்பு, ஆட்களை நடத்துவது. பிரிவுக்கு ஒரு வண்ணத் தாள்.

"இதுல இருக்கற அத்தனையும் செய்யறேன் மேடம். இதுக்கு மேல ஒரு மேனேஜருக்கு என்னதான் தெரியோணும்? அதை மட்டும் சொல்லிப்போடுங்க, நான் போறேன்."

ஃப்ளோரா எழுந்து கண்ணாடி ஜன்னல் பக்கம் போனார். கீழே இரண்டாம் லைன் ஓடிக்கொண்டிருந்தது. லைனின் நடுவில், சங்கிலியில், ஒரு முழத் தண்டவாளத் துண்டு தொங்கியது. பக்கத்தில் ஒரு இரும்புத் தடி. அதுதான் அங்கே மணி. வேலையில் ஏதாவது சரியில்லை என்று பட்டால் பதினாலு பேரில் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். அடித்தால் லைன் நிற்க வேண்டும். ஃப்ளோரா வைத்த சட்டம் அது.

"ஆயுத பூஜை முடிஞ்சு எத்தனை நாளாச்சு?"

"அஞ்சு வாரமுங்க."

"அந்த மணிக்கு வெச்ச பொட்டு ஏன் இன்னும் அப்படியே இருக்கு?"

தண்டபாணி எட்டிப் பார்த்தார். பூஜையன்று எல்லா இயந்திரத்துக்கும் வைத்ததுபோல மணிக்கும் சந்தனம் குழைத்து, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். சரியாகத் தடி படும் இடத்தில். சந்தனம் காய்ந்து ஓடு மாதிரி நின்றது. ஒரு விரிசல் இல்லை.

"லைன் நல்லா ஓடுது மேடம். அடிக்க வேண்டிய தேவையே வரல." சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஃப்ளோரா அடுத்த ஜன்னலைத் திறந்தார். வெளியே முற்றத்தில் திரும்பி வந்த அட்டைப்பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்து, தன் வேலையைப் பார்த்தார்.

*

மறுநாள் தண்டபாணி விடையோடு வந்தார்.

"தடி கனம் மேடம். பொம்பளைங்க தூக்கி அடிக்கச் சிரமம்."

"ரெண்டு கிலோ. அவங்க தூக்கற கல்லு எத்தனை கிலோ?"

அதற்குள் அவர் லேத்தில் ஒரு பித்தளைச் சுத்தியல் கடைந்தே விட்டார். பிடியில் வரி வரியாகக் கோடு, நுனியில் ஒரு குமிழ். கல்யாணத்துக்கு வைத்துக் கொடுக்கலாம், அவ்வளவு அழகு. லேத்காரரிடம் எந்தக் கேள்வியைக் கொடுத்தாலும் அது கடைசியில் லேத்தில்தான் போய் நிற்கும்.

சுத்தியல் மணிக்குப் பக்கத்தில் மூன்று நாள் தொங்கியது.

பொட்டு கலையவில்லை.

நான்காம் நாள் லைனை நிறுத்திப் பேசினார். "பயப்படாம அடியுங்க. நான் எதுக்கு இருக்கறேன்?"

பதினாலு தலையும் ஆடின. தலையாட்டுவதில் அவர்களுக்குள் அப்படி ஒரு ஒற்றுமை.

பொட்டு கலையவில்லை.

"சொல்லிப் பாத்துட்டேன், செஞ்சும் பாத்துட்டேன்," என்று வந்து நின்றார். "பதினாலு பேருங்க மேடம். பதினாலு வாய். ஒரு வாயிலிருந்தாவது..."

"நாளைக்குக் காலையில வர்றேன்," என்றார் ஃப்ளோரா. "ஃபைலைக் கொண்டு வாங்க."

*

காலையில் ஃப்ளோரா ஒரு எவர்சில்வர் தூக்கோடு லைனுக்கு வந்தார். தூக்கில் ஊறிய உளுந்து.

பெட்டிக்குள் போகத் தயாராக இருந்த ஒரு கிரைண்டரை மேசையில் வைக்கச் சொன்னார். கழுவினார். உளுந்தைப் போட்டார். ஒரு கை தண்ணீர் தெளித்து ஓட விட்டார்.

"மேடம், நாங்க ரெண்டு நிமிஷம் ஓட்டிப் பாத்துத்தானுங்க அனுப்பறோம்," என்றார் தண்டபாணி.

"வெறுசா, ஒண்ணும் போடாம?"

"வெறுசாத்தான். உளுந்து போட்டா ஓட்டுவாங்க?"

லைனில் யாரோ ஒருத்தி இருமினாள். இருமல் மாதிரிதான் கேட்டது.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். மாவு பொங்கி, வெள்ளை வெளேரென்று ஏறி வந்தது. தண்டபாணி தோளைத் தளர்த்தினார்.

பதினெட்டாவது நிமிஷம், நடுத்தண்டைச் சுற்றி மாவில் ஒரு கோடு வந்தது. தலைமுடி அளவு. பிறகு நூல் அளவு. பிறகு சுற்றிச் சுற்றி, வெள்ளை மாவுக்குள் கண்மை கரைத்தது போல.

ஃப்ளோரா கிரைண்டரை நிறுத்தினார். கை நீட்டி ஃபைலை வாங்கினார். மேசையில் வைத்தார். மாவை வழித்து ஒரு கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்தை ஃபைல் மேல் வைத்தார். கிண்ணத்தின் ஓரத்தில் வழிந்த மாவு அட்டையில் மெல்ல இறங்கியது.

"தொட்டுப் பாருங்க தண்டபாணி சார்."

தொட்டார். விரலில் கிரீஸ் பிசுபிசுத்தது.

ஃப்ளோரா கையைக் கழுவினார், தூக்கை எடுத்துக்கொண்டார், போய்விட்டார்.

தண்டபாணி விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பதினாலு முகத்தையும் பார்த்தார். அதில் ஒரு முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

அதுதான் அவரை உலுக்கியது.

"அம்சவேணி," என்றார்.

நடுத்தண்டுக்கு அடியில், கிரீஸ் மாவுக்குள் ஏறாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தைப் பொருத்துகிறவர் அம்சவேணி. ஒன்பது வருஷமாக அதே வேலை. கட்டைவிரல் நுனி தேய்ந்து பளபளவென்று இருக்கும்.

"உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியுமுங்க."

"எத்தனை நாளா?"

"நீங்க வந்த நாளிலிருந்துங்க."

"வளையத்தை நானே அளந்தனே அம்மிணி! அளவு சரியா இருந்துச்சே!"

"அளவு சரிதானுங்க. ரப்பர்தான் மெத்து மெத்துனு வருது. முன்னெல்லாம் அழுத்துனா எதுத்து நிக்கும். இப்ப சொன்ன பேச்சைக் கேட்டுட்டு உள்ள போயிருது. அளந்தா தெரியாதுங்க. அழுத்துனாத் தெரியும்."

"இதை ஏன் எங்கிட்டச் சொல்லலை?"



"சொன்னனே சார். நீங்க வந்த முத நாளே மணி அடிச்சனே."

"அடிச்சீங்களா?"

அம்சவேணி சுவரைக் காட்டினார்.

சுவரில் கரும்பலகை. மேலே தண்டபாணியின் கையெழுத்து, அழகான எழுத்து: லைனை நிறுத்தியவர். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி. அம்சவேணி, பதினோரு நிமிடம்.

எட்டு வாரமாக அது அங்கேயே இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் அவர் போய் வந்திருக்கிறார்.

இப்போது நினைவு வந்தது. மணிச் சத்தம் கேட்டு ஓடி வந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "யாரு அடிச்சது?" பேரைக் கேட்டார், எழுதினார், வளையத்தை அளந்தார், லைனை ஓட விட்டார். என்ன ஆச்சு என்று கேட்டதாக நினைவில்லை.

"லேத்துல அப்படித்தான் எழுதுவோம்," என்றார் மெல்ல. "மிஷின் நின்னா, நின்ன மிஷின்காரன் பேரை."

"லேத்துல சரிங்க சார். அங்க மிஷினும் ஒருத்தருது, தப்பும் அவருது. இங்க நான் கண்டுபிடிக்கறது எங்கியோ ஒருத்தர் பண்ணுன தப்பு. பலகையில ஏறுனது எம் பேரு." சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "எங்க வீட்டுக்காரரு மூணாம் நம்பர் கேட்டுல வாட்ச்மேன். அவரு வரைக்கும் வந்து கேட்டுட்டாங்க, உம் பொண்டாட்டியாலதான் லைன் நின்னுச்சான்னு."

பின்னாலிருந்து ஒரு குரல் சேர்ந்துகொண்டது. "பூஜைக்குப் பலகையையும்தான் தொடைச்சுப் பொட்டு வெச்சோம். அந்த வரியை மட்டும் அழிக்க யாருக்கும் தைரியம் வரலைங்க."

உண்மைதான். பலகையின் நான்கு மூலையிலும் சந்தனம் இருந்தது.

தண்டபாணி பலகைக்குப் போனார். அழிக்கத் துணி தேடினார். கிடைக்கவில்லை. இன் பண்ணியிருந்த சட்டையை வெளியே இழுத்து, அதன் நுனியால் துடைத்தார்.

சாக்பீஸ் எடுத்து எழுதினார்: தண்டபாணி. நிமிடத்துக்கான இடத்தைக் காலியாக விட்டார்.

பிறகு மணியிடம் போனார். பித்தளைச் சுத்தியலைத் தொடவில்லை. பழைய இரும்புத் தடியை எடுத்து, பொட்டின் மேல் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

காய்ந்த சந்தனம் தெறித்து மூக்குக் கண்ணாடியில் விழுந்தது. குங்குமம் சட்டையில்.

லைன் நின்றது.

பதினாலு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவருக்கு அடுத்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஃபைலில் தேடலாம், ஆனால் அதன் மேல் கிண்ணம் இருந்தது.

"அம்மிணி," என்றார். "நல்ல வளையம் எது, மெத்து எது? எனக்கு அழுத்திக் காட்டுங்க."

அம்சவேணி இரண்டு வளையத்தை எடுத்து வைத்தார்.

முதல் தடவை அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டாம் தடவையும் தெரியவில்லை.

"கண்ணைத் தொறந்துட்டுப் பாத்தா தெரியாதுங்க சார்," என்றார் அம்சவேணி.

கண்ணை மூடிக்கொண்டார். பதினோராம் தடவை தெரிந்தது.

*

புது வளையங்கள் மொத்தமும் திரும்பிப் போயின. பழைய ரகம் வர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் பதினாலு பேரும், கூடவே தண்டபாணியும், முற்றத்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். மதியச் சாப்பாட்டில் இட்லி வந்தது. யார் அரைத்தது என்று தண்டபாணி கேட்கவில்லை. உளுந்து போட்டே இனி ஓட்டிப் பார்ப்பது என்று முடிவாகியிருந்தது. அதில் வெள்ளையாக வந்த மாவைக் கொட்டவா முடியும்?

மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது. ஃப்ளோரா ஜன்னல் பக்கம் வந்து நின்று பார்ப்பதும் போவதுமாக இருந்தார். கீழே வரவில்லை.

மூன்றாம் நாள் காலை, லைன் மறுபடி ஓடியது.

பத்து மணி தாண்டிப் பத்தாவது நிமிஷம் மணி அடித்தது.

தண்டபாணி டீ டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். ஓடும்போதே வாய் திறந்தது. "யா..." என்று ஆரம்பித்ததை, சூடான டீயைப் போல விழுங்கினார்.

லைன் நடுவில் பதினாலு பேரும் ஒரு மேசையைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். "பெல்ட்டுடி, நான் சொல்லல?" என்றாள் ஒருத்தி. "உன் தலை. கல்லு சாயுது, இங்க பாரு," என்றாள் இன்னொருத்தி. "வெளிச்சத்தை மறைக்காதே." "அந்த டார்ச்சை இங்க பிடி."

தண்டபாணி முதலில் இந்தப் பக்கம் வந்து பார்த்தார், பிறகு அந்தப் பக்கம். எந்தப் பக்கம் போனாலும் முதுகுதான். அம்சவேணியின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். யாரும் நகரவில்லை. வந்தது மேனேஜர் என்று திரும்பிப் பார்க்கக்கூட அங்கே ஒருத்திக்கும் நேரமில்லை.

"ஏனுங்க அம்மிணி, கொஞ்சம் தள்ளிக்கோங்க. நானும் பாக்கோணும்."