எங்கள் வீட்டில் இல்லாத பூனை

கை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறது. அது பாட்டுக்கு உருவட்டும். நான் இதைச் சொல்லிவிடுகிறேன்.

“மிஸ், பேசுறது என் பிள்ளையா, பெட்டியா?”

ஹெப்சி மிஸ்ஸிடம் நான் கேட்டது இதுதான். கேட்கவே எனக்கு ஒரு மாசம் ஆயிற்று. வகுப்பு வாசல்வரை போவேன், கூச்சமாக இருக்கும், திரும்பிவிடுவேன்.

என் மகள் உலகம்மைக்கு எட்டு வயசு. வாயில் பேச்சு இல்லை. பள்ளிக்கூடத்தில் கையகலப் பெட்டி ஒன்று கொடுத்தார்கள். படத்தைத் தொட்டால் குரல் வரும். எழுத்தைத் தொட்டுத் தொட்டு வார்த்தை கோத்தாலும் பேசும்.

மிஸ்ஸுக்கும் பேச்சு இல்லை. என்னைவிட மூன்று வயசு இளையவர்கள். கையும் சொன்னபடி கேட்காது. நெற்றியில் ஒரு பட்டை, பட்டையில் ஒரு குச்சி. அந்தக் குச்சியால் எழுத்து எழுத்தாகத் தொட்டு முடித்த பிறகுதான் அவர்கள் பெட்டி பேசும். ஒரு பதில் வருவதற்குள் தரையில் ஜன்னல் வெயில் ஒரு கட்டம் நகர்ந்துவிடும். வேப்பம்பூ உள்ளே மிதந்து வந்து விழும். தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் நான் உட்கார்ந்திருப்பேன்.

“யார் அப்படிச் சொன்னா?” என்றது மிஸ்ஸின் பெட்டி.

“எங்க மதினி, மிஸ். என் வீட்டுக்காரரோட அக்கா. ‘தொட்டா சத்தம் வருது, இதுல பிள்ள எங்க பேசுது’ங்காக. இந்த வாரத்தோட பள்ளிக்கூடத்த நிறுத்திருன்னு தம்பிகிட்டச் சொல்லிட்டாக. தம்பியும் தலையாட்டிட்டாக.”

“நீ என்ன செஞ்ச?”

“மதினி முன்னால பேச வச்சுக் காட்டினேன். அவ யோசிச்சிட்டே இருந்தா. எனக்குப் பதறிட்டு. விரலைப் பிடிச்சு சோத்துப் படத்துல வச்சிட்டேன்.”

குச்சி நெடுநேரம் நகர்ந்தது. பெரிய பதிலாக வரப்போகிறது என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன்.

“கீரை உருவு.”

“மிஸ்?”

“முருங்கைக்கீரை. பிள்ளை முன்னால.”

அவ்வளவுதான்.

பேச்சைக் கேட்கப் போனவளுக்குக் கீரை. வழியெல்லாம் யோசித்தும் விளங்கவில்லை. ஆனாலும் நாலு கொத்து ஒடித்துக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம். எதிரே உலகு, அவள் மடியில் பெட்டி. என் இரண்டு கையிலும் கீரை. பொடி இலை தரையெல்லாம் பச்சைத் தூறலாக விழுந்துகொண்டிருந்தது. அவள் முழங்கை பட்டுப் பால்செம்பு உருண்டது. நான் பார்த்தேன்.

சத்தம் கேட்டு மதினி வந்தார்கள்.

“யாரு கொட்டினா?”

என்னைத்தான் கேட்டார்கள். பிள்ளையைக் கேட்கிற பழக்கம் வீட்டில் யாருக்கும் இல்லை.

நான் வாய் திறப்பதற்குள் உலகு விரலைத் தூக்கினாள்.

ஒரு எழுத்து. விரல் காற்றிலேயே நின்றது. இன்னொன்று.

அவள் விரலைப் பிடிக்க என் கை துடித்தது. கை நிறையக் கீரை.

பால் மெதுவாக வாசற்படியைத் தேடிப் போனது. வெளியே காற்றுகூட நின்றுவிட்ட மாதிரி இருந்தது. மதினியும் ஏனோ நின்றுகொண்டே இருந்தார்கள்.

“பூனை” என்றது பெட்டி.

எங்கள் வீட்டில் பூனை கிடையாது. தெருவிலேயே கிடையாது. அந்தப் பெட்டியில் பூனைப் படமும் கிடையாது.

மதினி என் கையைப் பார்த்தார்கள். கீரையைப் பார்த்தார்கள். அப்புறம் உலகு முன்னால் குனிந்தார்கள்.

“ஏட்டி, பொய்யா சொல்லுத? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. எங்கட்டி இருக்கு பூனை?”

உலகு கதவுப் பக்கம் கையைக் காட்டினாள்.

“ஓடிட்டாமா! ஆத்தாடி, என்னா சாமர்த்தியம்! இரு, திங்கக்கிழமை ஒங்க மிஸ்கிட்டயே வந்து சொல்லுதேன்.”

சொன்னபடியே திங்கட்கிழமை மதினி அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்கள். நான் பின்னால்.

“டீச்சர், இந்தப் பிள்ள வாய்கூசாமப் பொய் சொல்லுது! இல்லாத பூனை பாலைக் கொட்டிட்டாம்!”

மிஸ் உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தார்கள். குச்சி ஆடியதில் இரண்டு தடவை எழுத்து தப்பிப் போனது. மதினி இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தார்கள். வெயில் ஒரு கட்டம் நகர்ந்தது.

“பூனை என்ன நிறம்?”

மதினி உலகுவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“கேட்டுட்டு நாளைக்கு வந்து சொல்லுதேன்” என்றார்கள்.

உலகுவை அங்கே விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் திரும்பி நடந்தோம். எங்களுக்கு முன்னால் ஏதோ ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டு நடந்துபோகிற மாதிரி இருந்தது.

சாயந்திரம் ஆகிவிட்டது. உலகுவும் வந்துவிட்டாள். இப்போது உள்ளே மதினி அவள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நிறம் கேட்டாயிற்று. விரல் யோசிக்கிறது போல. எனக்கென்னவோ அது வெள்ளையாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது, காது இரண்டும் மட்டும் கொஞ்சம்…

“ஏ பிள்ள! கீரையப் போட்டுட்டு ஓடியா! எழுதிட்டா!”