கீழே வைக்காத மந்தி

குரங்கும் மனிதனும் ஒரே பாஷை பேசிய அந்தக் காலத்தில், மலையடிவாரத்தில் சடையன் என்று ஒருவன் இருந்தான். அவனுக்கு வேட்டையும் கிடையாது, விவசாயமும் கிடையாது. எந்தப் பிராணி என்ன செய்கிறது, ஏன் செய்கிறது என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருப்பான். அவனுக்கு யார் சோறு போட்டார்கள் என்று கேட்காதீர்கள், யாரோ போட்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, ஆள் கெட்டிக்காரன்தான். யானை எதற்குக் காதை விரிக்கிறது, மான் எதற்குக் காலைத் தட்டுகிறது, எல்லாம் அவனுக்கு அத்துப்படி. மிருகங்களே சந்தேகம் வந்தால் அவனிடம்தான் போய்க் கேட்கும்.

அந்த மலையில் செம்பி என்று ஒரு மந்தி இருந்தாள். முன்பு பெற்ற குட்டிகள் எதுவும் அவளுக்குத் தங்கவில்லை. கடைசியாகப் பிறந்தது மட்டும் பிழைத்து, அவள் வயிற்றைக் கவ்விக்கொண்டு கிடந்தது. யார் கேட்டாலும் தூக்கக் கொடுக்க மாட்டாள். "உன் பிள்ளையை நாங்க என்ன பிச்சுத் தின்னுடவா போறோம்?" என்று மற்ற மந்திகள் கேலி செய்யும்.

ஐப்பசியில் ஒரு மழை பிடித்தது. விடவே இல்லை. குட்டி நனைந்து நனைந்து, ஒரு காலையில் விறைத்துப் போய்விட்டது. ஆற்றிலோ தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கூட்டம் உடனே அக்கரை மேட்டுக்குப் போயாக வேண்டும். கிளைக்குக் கிளை தாவித்தான் போக முடியும். உயிருள்ள குட்டி தானாகப் பிடித்துக்கொள்ளும். தொங்கும் குட்டியை ஒரு கையில் வைத்துக்கொண்டு எப்படித் தாவுவது?

"சடையா, என் குட்டியைக் கொஞ்சம் பாரேன்" என்றாள் செம்பி.

சடையன் தன் விரலைக் குட்டியின் உள்ளங்கையில் வைத்தான். குட்டியின் விரல்கள் மடங்கவில்லை.

"உசுரு இருந்தா பிடி இருக்கும், தாயி. குரங்குக் குட்டி தூங்கினாலும் பிடியை விடாது. நான் பார்த்த வரைக்கும் இது மாறினதே இல்லை."

"நெஞ்சு வெதுவெதுன்னு இருக்கே."

"அது உன் நெஞ்சுச் சூடு."

இதைச் சொல்லும்போது அவன் கண்ணிலும் தண்ணீர்தான். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. கூட்டத்துத் தலைவனான கிழக் கடுவன், "சடையனே சொல்லிட்டான், அப்புறம் என்ன? வா" என்று அவசரப்படுத்தினான். செம்பி குட்டியை ஒரு பாறை மேல் கிடத்தி, இலைகளைப் போட்டு மூடிவிட்டுத் தாவினாள். சடையனும் ஆற்றின் குறுக்கே பாதி முழுகிக் கிடந்த மரத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் அக்கரை சேர்ந்தான். கொஞ்ச நேரத்தில் வெள்ளம் அந்த மரத்தையும், அவர்கள் தாவி வந்த கரையோர மரங்களையும் இழுத்துக்கொண்டு போனது.

உச்சிப் பொழுதில் மழை விட்டு, சுள்ளென்று வெயில் அடித்தது. இக்கரையில் பாறை மேல் கிடந்த இலைகள் அசைந்தன. குட்டி எழுந்து உட்கார்ந்தது. உட்கார்ந்து, அம்மாவைக் காணாமல் கத்தியது.

செம்பிக்கு உயிரே போய்விட்டது. ஆற்றோரம் மேலும் கீழும் ஓடினாள். தாண்ட வழியில்லை. "வராதே கண்ணு, அங்கேயே இரு, அங்கேயே இரு" என்று கத்தினாள். பச்சைக் குழந்தைக்கு அதெல்லாம் புரியுமா? அம்மா குரல் எங்கே கேட்கிறதோ அங்கே போக வேண்டும், அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். பாறையை விட்டு இறங்கித் தத்தித் தத்தி வந்தது. செம்பி அதைக் கண்டு சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் குட்டி தண்ணீரில் கால் வைத்துவிட்டது. வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

"நான் பார்த்த வரைக்கும்னுதான் தாயி சொன்னேன்" என்றான் சடையன்.

"நீ பார்த்ததெல்லாம் மத்த குட்டிங்களை" என்றாள் செம்பி.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மறுபடி யாருக்கும் அவன் எதையும் அடித்துச் சொன்னதில்லை.

அன்று முதல்தான் குட்டி செத்தால் மந்திகள் கீழே வைப்பதில்லை. காய்ந்து சுருங்கி, வெறும் தோலாகிப் போனாலும், ஒரு கையால் அணைத்துக்கொண்டு மூன்று காலில் நொண்டி நொண்டித் திரிகின்றன. பார்க்கிறவர்கள், "ஐயோ பாவம், செத்தது கூடத் தெரியலை பாரு" என்கிறார்கள். தெரியாமல் இல்லை. கீழே வைக்கத்தான் தைரியம் இல்லை.