நவமணி நக்கிய சுத்தம்

மலையடிக் காட்டில் ஒரு குளம். குளக்கரைப் பாறைமேல் நவமணி என்ற காட்டுப்பூனை உட்கார்ந்து தன்னை நக்கிக்கொண்டிருந்தது. காலையில் நக்கும். மத்தியானம் நக்கும். யாராவது பார்த்தால் இன்னும் நன்றாக நக்கும்.

பிற்காலத்தில் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததும் அதே நவமணிதான். ஆனால் பாறைமேல் நக்கிக்கொண்டிருந்த அந்த நாட்களில் அது சிரிக்காது. நீதிமான்கள் சிரிக்கக் கூடாது என்பது அதன் எண்ணம்.

குளத்துக்குள் பாக்கியநாதன் என்ற எருமை கழுத்துவரை சேற்றில் கிடந்தது.

“தம்பி பாக்கியநாதா! உன்னைப் பார்த்தால் ஆண்டவருக்கே கண் கூசும்!”

“எனக்கே கூசுதுக்கா. குளிச்சிட்டுத்தான் வர்றேன். கரையேறுறதுக்குள்ள மறுபடியும் சேத்துல விழுந்துடறேன்.”

“என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்! வெள்ளிக்கிழமை ஆனால் நான் இறைச்சியே தொடுவதில்லை.”

“மீனு?”

“மீன் இறைச்சியா? குறுக்குக் கேள்வி கேட்காதே!”

குன்றின் உச்சியில் மேய்ப்பரின் பட்டி இருந்தது. சுற்றிலும் கல்சுவர். ஒரே வாசல். காட்டில் தீப் பிடித்தால் பிழைக்க வேறு இடம் கிடையாது. சுத்தமானவர்கள்தான் மேய்ப்பர் முன்னால் நிற்க முடியும் என்பது காடறிந்த சேதி. அந்த நாளுக்காகத்தான் நவமணி ஏழு வருடமாக நக்கிக்கொண்டிருந்தது.

ஒரு சித்திரை மாத மத்தியானம் மேற்குச் சரிவில் புகை எழுந்தது. மூங்கில்கள் பட்பட்டென்று வெடித்தன. முயலும் மானும் கௌதாரியும் குன்றை நோக்கி ஓடின. நவமணியும் ஓடியது. ஓடும்போதும் வால் தரையில் படாமல் பார்த்துக்கொண்டது. பின்னால் சேறு சொட்டச் சொட்ட எருமை வந்தது.

“நீ எங்கே வருகிறாய்?”

“வேற எங்கக்கா போறது?”

“சரி, வா. என்மேல் மட்டும் உரசிவிடாதே!”

பட்டி வாசலில் சந்தியாகு என்ற காவல் நாய் நின்றது. நாயைக் கண்டதும் நவமணியின் முதுகு தானாக வளைந்தது. கஷ்டப்பட்டு நிமிர்த்திக்கொண்டது. நாயின் பக்கத்தில் ஓர் ஆணி. ஆணியில் வெள்ளை வெளேரென்று ஓர் ஆட்டுக்குட்டித் தோல்.

“போர்த்திக்கிட்டு உள்ள போங்க. சீக்கிரம்!” என்றது சந்தியாகு.

“இது யாருடையது?” என்று நவமணி முகம் சுளித்தது.

“மேய்ப்பரோட ஒரே செல்லக்குட்டியோடது. போன வருஷம் சிறுத்தை வந்தப்ப எல்லாரையும் உள்ள தள்ளிவிட்டுட்டு, அது வாசல்ல நின்னு உயிரை விட்டுச்சு. ஆட்டுப்பட்டி வழக்கம் தெரியும்ல? தாயில்லாக் குட்டியை வேற ஆடு கிட்டச் சேர்க்காது. செத்த தன் குட்டியோட தோலைப் போர்த்திவிட்டா, மோந்து பார்த்துட்டுப் பால் குடுக்கும்.”

“அப்படியானால் மேய்ப்பரை ஏமாற்றச் சொல்கிறாயா?”

“அட! அதை இங்க தொங்கவிட்டதே அவர்தான்!”

நவமணி யோசித்தது. அந்தக் கம்பளிக்குள் போய்விட்டால் ஏழு வருடத்துப் பளபளப்பு யார் கண்ணுக்குத் தெரியும்?

“எனக்கு வேண்டாம். என் ரோமம் போதும். மேய்ப்பர் வரட்டும், காட்டுகிறேன்.”

“எனக்குக் குடுங்கண்ணே,” என்றது எருமை. “எனக்குக் காட்ட ஒண்ணுமில்ல.”

நவமணிக்கு உள்ளுக்குள் வேடிக்கையாக இருந்தது. குட்டித் தோல் எருமைக்கு எந்த மூலைக்கு? ஆனால் போர்த்தியதும் கொம்பு முதல் குளம்பு வரை ஒரு விரல் அகலம்கூட மிச்சமில்லாமல் மூடியது. எருமை உள்ளே போனது. ஆணியைப் பார்த்தால் தோல் அங்கேயே தொங்கியது. மானும் முயலும் கௌதாரியும் ஆளுக்கொன்று போர்த்திப் போயின. அப்போதும் குறையவில்லை.

தீ குன்றின் பாதியில் ஏறியிருந்தது. வெளியே நவமணி மட்டும்.

“அம்மா, கதவை அடைக்கணும்!” என்றது நாய்.

“என்னை ஒருமுறை பாருங்கள், காவல்கார அண்ணே! ஒரு பொட்டு அழுக்கு உண்டா? வெள்ளிக்கிழமை விரதம் தவறியதுண்டா? இந்தக் காட்டில் நீதிமான் என்று ஒருத்தி இருந்தால் அது...”

பேச்சு நின்றது. புகை தொண்டையில் இறங்கியது. நவமணி இருமியது. உடம்பு குலுங்கக் குலுங்க இருமியது. கடைசியில் தொப்பென்று ஏதோ வெளியே விழுந்தது.

ஒரு மயிர் உருண்டை. ஏழு வருடமாக வெளியிலிருந்து நக்கி எடுத்த அழுக்கெல்லாம் உள்ளே போய்ப் பத்திரமாக இருந்திருக்கிறது! நடுவில் ஒரு சின்ன இறகு.

சந்தியாகு மோந்து பார்த்தது. “இது கௌதாரிக் குஞ்சோட இறகாச்சே?”

நவமணி தலைகுனிந்தது. அந்தக் குஞ்சு காணாமல் போனபோது துக்கம் விசாரிக்க முதலில் போனது அதுதான். போனவாரம்தான். அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை.

நக்கித் துடைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தது. எந்த நாக்கால்? குஞ்சைத் தின்ற நாக்கும் அதுவேதானே!

நவமணிக்கு அழுகை வந்தது. அதோடு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன்னை நினைத்துச் சிரிப்பும் வந்தது.

“அண்ணே, அந்தத் தோல் இன்னும் இருக்கா?” அதன் பேச்சிலிருந்த இலக்கணமும் கழன்று விழுந்திருந்தது.

“அதுக்காகத்தானே கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்!”

தோல் போர்த்தப்பட்டது. கதவு அடைக்கப்பட்டது. தீ சுவரைச் சுற்றி உறுமிவிட்டு அடங்கியது.

உள்ளே மேய்ப்பர் குனிந்து நவமணியை மோந்தார். “என் பிள்ளை!” என்று தூக்கிக்கொண்டார். அவர் காலடியில் கழுத்துத் தழும்போடு ஓர் ஆட்டுக்குட்டி உயிரோடு நின்றது!

“செத்துப்போனதாச் சொன்னாங்களே?” என்று திகைத்தது நவமணி.

“செத்தது நிஜம். இப்ப நிக்கிறதும் நிஜம்,” என்றது குட்டி.

மேய்ப்பர் இறக்கிவிட்டதும் நவமணி நேராகக் கௌதாரியிடம் போய் நடந்ததைச் சொன்னது. அது சுலபமாக இல்லை. கௌதாரி முதுகைத் திருப்பிக்கொண்டது. பிறகு கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டது.

நவமணி உட்கார்ந்தது. உட்கார்ந்த வேகத்தில் பழக்கதோஷத்தால் புதுக் கம்பளியை நக்கத் தொடங்கியது.

“அக்கா!” என்று சிரித்தது எருமை. “அதை விட்டுடு. அது ஏற்கெனவே சுத்தமாத்தான் இருக்கு!”

தன் நாக்கால் தன்னைக் கழுவிக்கொண்டு ஆண்டவர் முன்னால் நீதிமானாக நின்றவர் எவருமில்லை. அவர் தருவதை வாங்கிப் போர்த்திக்கொண்டவரே அங்கே நிற்கிறார்.