அருமைநாயகம் சார் ஏழு தடவை செத்த கதை

"எம் பிள்ளைகளுக்குப் பயம் போகணும்மா. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

கேட்டவர் அருமைநாயகம் சார். பெண்கள் பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார். வயசு நாற்பத்தாறு. சர்வீஸ் இருபது வருஷம். விசில் ஊதினார் என்றால் அடுத்த தெருவில் போகிற சைக்கிள்காரன்கூட காலை ஊன்றிவிடுவான்.

அவர் கேட்டது இசக்கியம்மாவிடம். வயசு இருபத்திமூணு. ஊத்துப்பாறை பெண்கள் கபடி டீமுக்கு அவள்தான் கோச். சம்பளம் கிடையாது, சர்டிபிகேட் கிடையாது, பேச்சும் அவ்வளவாகக் கிடையாது. ஆனால் மூணு வருஷமாக அவள் பிள்ளைகளை ஜெயித்துவிட்டுப் போன டீம் அந்த வட்டாரத்திலேயே இல்லை.

தன் வயசில் பாதியே ஆன பெண்ணிடம் போய்க் கைகட்டி நிற்பதா என்று சாருக்கு ஒரு வாரம் ஒரே மனப்போராட்டம். கடைசியில் கௌரவத்தைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

"யாருக்கு சார் பயம்?"

"எல்லாத்துக்கும்தான். அதுலயும் ஜெபஷீலான்னு ஒருத்தி. பாடிப் போனான்னா ரெண்டு பேரைத் தொடாம திரும்ப மாட்டா. இப்ப நடுக்கோட்டைத் தாண்டினதும் காலு நடுங்குது. சும்மா போயிட்டு சும்மா வந்துருதா. சனிக்கிழமை மேட்ச். அதுல ஆடினாத்தான் மாவட்ட டீமுக்கு எடுப்பாங்க. 'நான் வரல சார், என்னை விட்டுருங்க'ன்னு நேத்து அழுதுட்டா. அந்தப் பிள்ளை ஆட்டத்தை விட்டுட்டா எனக்குச் சோறு இறங்காதும்மா."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"மனவலிமை பத்தி ரெண்டு மணி நேரம் பேசினேன்."

"கேட்டாங்களா?"

"பாதிப் பேர் தூங்கிட்டாளுவ."

இசக்கியம்மா சிரிக்கவில்லை. பாவம் மனுஷன் என்று விட்டுவிட்டாள்.

"உங்க கிரவுண்டுல செத்தவங்க என்ன செய்வாங்க?"

சார் திடுக்கிட்டார்.

ஊத்துப்பாறையில் அவுட் என்ற பேச்சே கிடையாது. பிடிபட்டால் செத்தாச்சு. வெளியே வந்து உட்கார வேண்டியதுதான். நம் பக்கத்து ஆள் யாராவது எதிராளியைத் தொட்டுவிட்டுத் திரும்பினால், முதலில் செத்தவருக்கு உயிர் வந்தாச்சு. எழுந்து உள்ளே போகலாம்.

"ஓ, அவுட்டைச் சொல்லுதீங்களா!" சாருக்கு மூச்சு வந்தது. "அவுட் ஆனா கிரவுண்டை அஞ்சு ரவுண்டு ஓடணும். நான் கொண்டு வந்த ரூல். அப்பத்தான் ரோஷம் வரும்."

சொல்லும்போது குரலில் என்ன பெருமை!

இசக்கியம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் காலைப் பார்த்தாள்.

"பேண்டை மடிச்சு விட்டுட்டு உள்ள இறங்குங்க சார்."

"நானா?"

"ஒரு ஆள் குறையுது."

ஆள் ஒன்றும் குறையவில்லை. அப்போதுதான் ஒருத்தியைக் கண் ஜாடை காட்டி வெளியே கூப்பிட்டாள்.

சார் மறுக்கப் பார்த்தார். அதற்குள் ஏழு பெண் பிள்ளைகள் கைகோத்து அவருக்கு எதிரே நின்றாகிவிட்டது. பெரியவளுக்குப் பதினைந்து வயசு இருந்தால் அதிகம்.

"பாடி வாங்க சார்!"

'கபடி கபடி' என்று கோட்டைத் தாண்டினார். நாலாவது கபடிக்கு நாக்கு வறண்டுவிட்டது. எவள் எந்தப் பக்கம் பாய்வாள் என்று தெரியவில்லை. முழங்கால் தன் பாட்டுக்கு ஆடியது. அட கடவுளே, இவ்வளவு பயமாகவா இருக்கும்? இருபது வருஷமாகக் கோட்டுக்கு வெளியே நின்றே விசில் ஊதிய மனுஷனுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்.

ஒருத்தி கணுக்காலைப் பிடித்தாள். இன்னொருத்தி இடுப்பை. மிச்சப் பேர் மேலேயே விழுந்தார்கள்.

"சார் செத்தாச்சு!"

சார் எழுந்தார். வாயிலிருந்த மண்ணைத் துப்பினார். தலையைக் குனிந்துகொண்டு கிரவுண்டைச் சுற்றி ஓட ஆரம்பித்தார். என்ன இருந்தாலும் அவர் போட்ட ரூல் அல்லவா.

"எக்கா, சார் எங்க ஓடுதாவ? வீட்டுக்கா?"

கிரவுண்டே கொல்லென்று சிரித்தது.

"இங்க வந்து உக்காருங்க சார்," என்றாள் இசக்கியம்மா.

வேப்பமரத்தடியில் ஏற்கனவே ரெண்டு பேர் செத்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் போட்ட கூச்சல்தான் கிரவுண்டிலேயே பெரிய கூச்சல். "இடது கையை விடாதட்டி! கார்னரைப் பாரு, கார்னரை!" ஒருத்தி நகர்ந்து சாருக்கு இடம் கொடுத்தாள். மிளகாய்ப்பொடி தடவிய கொய்யாக்காயில் பாதியைக் கடித்துப் பிய்த்து நீட்டினாள்.

"முதல் சாவா சார்?"

"ஆமா."

"எனக்கு இன்னைக்கு இது நாலாவது."

மாதச் சம்பளத்தைச் சொல்வது மாதிரி சர்வ சாதாரணமாகச் சொன்னாள். சார் கொய்யாக்காயை மென்றார். காரம் சுள்ளென்று ஏறியது.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரே அலறல். "சாருக்கு உயிர் வந்துட்டு! ஓடி வாங்க சார்!"

ஓடினார். அவரை அறியாமல் அவரும் கத்திக்கொண்டே ஓடினார்.

அன்றைக்கு அருமைநாயகம் சார் ஆறு தடவை செத்தார். ஒரு தடவை மட்டும் ஒருத்தியின் முழங்கையைத் தொட்டுவிட்டு, தரையோடு தரையாக நீந்தி, விரல் நுனியால் நடுக்கோட்டைப் பிடித்துவிட்டார். அவரால் உயிர் வந்த பொடிசு அவர் தோளில் தொங்கி ஆடியது. சார் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பஸ்ஸில் பாதி தூரம் வந்த பிறகுதான், கேட்ட கேள்விக்குப் பதில் வாங்காமலே வந்துவிட்டது நினைவுக்கு வந்தது.

"என்ன சார், எங்க விழுந்தீங்க?" என்று கண்டக்டர் கேட்டான்.

"விழல தம்பி. செத்துட்டு வாரேன்."

கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு முன்பக்கமாக நகர்ந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெபஷீலா கிரவுண்டுக்கு வந்தாள். டீம் பனியனைத் துவைத்து, தேய்த்து, மடித்துக் கொண்டு வந்திருந்தாள்.

"நாளைக்கு நான் வரல சார்."

சார் பனியனை வாங்கவில்லை.

"சரி. இன்னைக்கு ஆடுதியா?"

பனியனை ஓரமாக வைத்தாள். "ஆடுதேன்."

முதல் தடவை பாடிப் போனதுமே பிடிபட்டாள். எழுந்தாள், யார் முகத்தையும் பார்க்கவில்லை. சொல்வதற்கு முன்னாலேயே முதல் ரவுண்டை ஓட ஆரம்பித்தாள்.

"ஏட்டி, நில்லு!"

நின்றாள்.

"ரவுண்டு கிடையாது. இந்தப் பக்கம் உக்காரு."

"ஏன் சார்?"

"செத்தவ எங்கயாவது ஓடுவாளா? உக்காரு."

பிள்ளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சார் விசிலைக் கழற்றிக் கம்பத்தில் மாட்டினார். பேண்டை முழங்கால் வரை மடித்தார். ஜெபஷீலா விட்டுவிட்டுப் போன இடத்தில் போய் நின்றார்.

"உனக்கு உயிர் வாங்கப் போறேன், பாரு!"

தொப்பை குலுங்கப் பாடிக்கொண்டு போனார். என்ன சொல்ல, பத்து எண்ணுவதற்குள் எதிரே நின்ற ஆறு பேரும் அவர்மேல் ஏறிப் படுத்துவிட்டார்கள். இருபது வருஷத்துப் பாக்கியைத் தீர்த்த மாதிரி ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

சார் தவழ்ந்து வந்து ஜெபஷீலா பக்கத்தில் உட்கார்ந்தார். மீசையெல்லாம் மண்.

"செத்துட்டேன்," என்றார்.

ஜெபஷீலா வாயைப் பொத்தினாள். பொத்தியும் சிரிப்பு நிற்கவில்லை. ஒரு மாசமாக அந்தப் பிள்ளை சிரித்து யாரும் பார்த்ததில்லை.

சாரும் ஜெபஷீலாவும் ஆடிய பக்கத்தில் கனி என்று ஒருத்தி உண்டு. ஓரத்தில் நிற்பதோடு சரி, இதுவரை பாடியே போனதில்லை. அவள் கோட்டுக்கு வந்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. பயத்தில் குரல் கீச்சென்று வந்தது. ஆனாலும் போனாள், ஒருத்தியின் சடை நுனியைத் தொட்டாள், விழுந்தடித்துத் திரும்பிவிட்டாள்.

"ஜெபஷீலாவுக்கு உயிர் வந்துட்டு!" சார் தொண்டை கிழியக் கத்தினார். "ஓடு, ஓடு!"

ஓடினாள். அடுத்துப் பாடிப் போனது அவள்தான். கோட்டோரம் நின்று பூச்சாண்டி காட்டவில்லை. நேராக நடுவில் புகுந்து, கடைசிக் கோடு வரைக்கும் போய், காலை வீசி...

பிடித்துவிட்டார்கள். நாலு பேர் சேர்ந்து தூக்கி உள்ளேயே போட்டார்கள்.

ஜெபஷீலா எழுந்து வந்தாள். முட்டியில் சிராய்ப்பு, தலை முழுக்கப் புழுதி. தொப்பென்று சார் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"சார்."

"என்னட்டி?"

"நாளைக்கு வேன் எத்தனை மணிக்கு?"