அக்காவுக்கு எத்தனை கரண்டி?

பகவதி அன்று குருவுக்குப் பழம் வாங்கி வரவில்லை. இரண்டு விண்ணப்பப் படிவங்களோடும் தம்பி வேலாண்டியோடும் வந்தாள்.

குருவின் பெயர் நாச்சியார். வயது நாற்பத்தொன்று. சிஷ்யை பகவதிக்கு ஐம்பத்தாறு. மலையடிவாரத்தில் ஓர் ஓட்டு வீடு, அதுதான் ஆசிரமம். பதினோரு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து தியானம் பழகுகிறாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லை. செவ்வாய்.

வேலாண்டிக்கு நாற்பத்து மூன்று வயது. மூளை வளர்ச்சி பாதியில் நின்றுவிட்டது என்றார்கள் டாக்டர்கள். ஊர் அதையே கேவலமான வார்த்தையில் சொன்னது. அப்பா அம்மா போன பிறகு அவனுக்கு எல்லாமே பகவதிதான். அவனை விட்டுப் போக மாட்டேன் என்று கல்யாணம்கூட வேண்டாமென்றுவிட்டாள்.

"அம்மா, போன மாசம் நெஞ்சு வலிச்சு விழுந்துட்டேன். இவன் பக்கத்துல உக்காந்து காலையில இருந்து என்னை எழுப்பிட்டே இருந்திருக்கான். சாயங்காலம் பால்காரர் பாத்துதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாரு. இனிமே தாங்காது. எனக்கு உயிர் இருக்கும்போதே இவனை ஒரு இடத்துல சேர்க்கணும்."

"சேர்க்கலாமே."

"ரெண்டு இடம் பாத்தேன். ஒண்ணு பெரிய இல்லம். எண்பது பேர். டாக்டர் அங்கேயே இருக்காரு. சுத்திக் காம்பவுண்டு சுவர். இன்னொண்ணு சும்மா ஒரு வாடகை வீடு. இவனை மாதிரி நாலு பேர் இருக்காங்க. கூட ஒருத்தர் சமைச்சுப் போட்டுப் பாத்துக்கிடுதாரு. பெரிய இல்லத்துல ஒரே ஒரு கட்டில்தான் காலி. நாளைக்குப் பத்து மணிக்குள்ள சொல்லணுமாம். எதுன்னு நீங்க சொல்லுங்க. கண்ணை மூடிட்டுச் செய்யுதேன்."

நாச்சியார் எழுந்துபோய் டீ போட்டார். மூன்று டம்ளரில் ஊற்றினார். சர்க்கரை டப்பாவைத் திறந்துகொண்டு வேலாண்டியைப் பார்த்தார்.

"வேலாண்டி, அக்காவுக்கு எத்தனை கரண்டி?"

வேலாண்டி விரல்களை மடக்கி யோசித்தான். "மூணு."

"ஐயோ, எனக்குச் சுகர்!" என்றாள் பகவதி.

குரு அவள் பக்கம் திரும்பவே இல்லை. மூன்று கரண்டி போட்டுக் கலக்கினார்.

"அக்கா நல்லாத் தூங்குவாங்களா?"

"குறட்டை விடும். எருமை மாதிரி."

"அடம் பிடிப்பாங்களா?"

"ரொம்ப."

"அம்மா, என்ன இது விளையாட்டு?" என்றாள் பகவதி.

"என்னமோ முணுமுணுக்காங்களே, எப்பவும் இப்படித்தானா?"

"எப்பவுமே."

வேலாண்டிக்கு ஒரே குஷி. இத்தனை கேள்விகளை யாரும் அவனிடம் ஒரே நாளில் கேட்டதில்லை.

"புது இடத்துல கொண்டுபோய் விட்டா என்ன செய்வாங்க?"

வேலாண்டி குரலைக் கனமாக்கிக்கொண்டான். "ரெண்டு நாள் அழுவாங்க. அப்புறம் பழகிரும். நீங்க திரும்பிப் பாக்காமப் போயிருங்க."

பகவதிக்கு முகம் வெளுத்துப்போனது. அது பெரிய இல்லத்து மேனேஜர் சொன்னது. ஒரு எழுத்து மாறவில்லை. அவர் சொன்னபோது வேலாண்டி அங்கிருந்த மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு என்ன விளங்கப்போகிறது என்று அவனை வைத்துக்கொண்டே பேசிவிட்டார்கள்.

"சரி," என்றார் குரு, இன்னும் வேலாண்டியைப் பார்த்தபடி. "அப்ப அக்காவை எங்க சேர்க்கலாம்?"

"நான் இங்கனதான உக்காந்திருக்கேன்!" பகவதி கத்தியேவிட்டாள். "எனக்கு வாய் இல்லையா? என்னைக் கேட்டா என்ன?"

கத்திய வாய் அப்படியே நின்றது.

டீயில் ஆடை படிந்தது. யாரும் குடிக்கவில்லை. வேலாண்டி மட்டும் குடித்தான்.

பகவதி மெதுவாகத் தம்பி பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"சரிடே, நீயே சொல்லு. பெரிய இல்லத்துக்குப் போறியா?"

"போறேன்."

"போக வேண்டாமா?"

"வேண்டாம்."

"அப்ப அந்தச் சின்ன வீடு?"

"சின்ன வீடு."

"பாத்தீங்களா! எதைக் கேட்டாலும் தலையாட்டுவான். இவன்கிட்ட கேட்டு என்ன ஆகப்போவுது?"

"உங்க முகத்தைப் பாத்து, உங்களுக்கு எது பிடிக்கும்னு கண்டுபிடிச்சுச் சொல்லுதாரு. நாப்பது வருஷப் பழக்கம்லா."

"அப்ப எப்படித்தான் கேக்க?"

"உங்க முகம் இல்லாத இடத்துல."

பகவதி படிவங்களை மடித்து வைத்தாள். பிறகு போனை எடுத்துப் பெரிய இல்லத்து மேனேஜரைக் கூப்பிட்டாள்.

"என் தம்பி ரெண்டு நாள் தங்கிப் பாக்கணும். அப்புறம்தான் சொல்லுவோம்."

"அப்படியெல்லாம் வழக்கம் இல்லம்மா. கட்டில் போயிரும். முப்பது பேர் காத்திருக்காங்க."

"போகட்டும்."

வைத்துவிட்டாள். டாக்டரும் காம்பவுண்டு சுவரும் கையைவிட்டுப் போய்விட்டன. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுத்த போனையும் போட்டாள். சின்ன வீட்டில் சமைக்கிறவர், "தாராளமா வரட்டும், ரெண்டு நாள் இருந்து பாக்கட்டும்" என்றார்.

வியாழக்கிழமை காலையில் வேலாண்டியைக் கொண்டுபோய் விட்டாள். இரண்டு நாளும் அங்கே போன் பண்ணவில்லை. போனைப் பரண்மேல் போட்டுவிட்டு ஏணியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். அப்படிச் செய்யாவிட்டால் பண்ணியிருப்பாள்.

சனிக்கிழமை குருவும் அவளும் அந்தச் சின்ன வீட்டுக்குப் போனார்கள். வேலாண்டி முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். வீட்டில் அவனை ஒரு கைக்குட்டைகூடப் பிழிய விட்டதில்லை பகவதி. அக்காவைப் பார்த்து ஓடி வருவான் என்று நினைத்தாள்.

"இரு, வாரேன்," என்றான் அவன். மிச்சம் இருந்த இரண்டு சட்டையையும் காயப்போட்டுவிட்டுத்தான் வந்தான்.

"எப்படிடே இருக்கு?"

"டிவி ஒரே சத்தம். பக்கத்துக் கட்டில் மாரியப்பன் என் சோப்பை எடுக்கான்."

"அப்ப வீட்டுக்குப் போவமா?" பகவதியின் முகம் மலர்ந்தது.

நாச்சியார் சட்டென்று நடுவில் வந்து, அந்த முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார்.

வேலாண்டி இடது பக்கம் எட்டிப் பார்த்தான். வலது பக்கம் எட்டினான். அக்கா முகம் தெரியவில்லை. தோளில் கிடந்த ஈரத் துண்டை எடுத்து முறுக்கினான். ரொம்ப நேரம் முறுக்கினான். தண்ணீர் சொட்டி நின்றுபோனது.

"வரலை," என்றான். "மாரியப்பன்கிட்ட சண்டை போடணும். சோப்பு என்னோடது. நான் இங்க இருக்கேன். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாரேன். மீன் குழம்பு வை."

குருவின் முதுகுக்குப் பின்னால் பகவதி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"யக்கா," என்றான் வேலாண்டி. "நீ எங்க இருப்ப? தனியாவா?"

இரண்டு படிவங்களையும் வரி விடாமல் படித்தவள் பகவதி. இந்தக் கேள்வி இரண்டிலும் இல்லை. ஐம்பத்தாறு வருஷத்தில் யாரும் கேட்டதும் இல்லை. அவள் குருவின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, நான் என்ன சொல்லட்டும்?"

நாச்சியார் கையை விடுவித்துக்கொண்டு விலகி நின்றார்.

"என்கிட்ட ஏன் கேக்கீங்க? அவர் உங்களைத்தான கேக்காரு."