வாய் பிளந்த சோமாசி

முன்னொரு காலத்தில், ஐப்பசி மழை சொன்ன நாளுக்குத் தவறாமல் பெய்த காலத்தில், வீரகேது என்று ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். நல்ல மனிதர்தான். ஆனால் மழை நாளில் சும்மா உட்கார்ந்தால் அவருக்கு ஏதாவது ஒரு யோசனை வந்துவிடும். அவருக்கு யோசனை வந்தால் ஊரில் யாருக்காவது சோறு இறங்காது.

தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. வழக்கம்போல் அரண்மனை மடைப்பள்ளியிலிருந்து முதல் தட்டு சோமாசி சபைக்கு வந்தது. எல்லாம் ஒரே அச்சாக, பிறை வடிவத்தில், விளிம்பு மடிப்புக் கலையாமல் இருந்தன. ராஜா ஒன்றை எடுத்துப் பாதி கடித்தார். மீதியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"சலித்துவிட்டது. இந்தத் தீபாவளிக்கு நமக்குப் புதிய சோமாசி வேண்டும். இதுவரை உலகத்தில் ஒருவரும் தின்றிராததாக இருக்க வேண்டும். அதே சமயம், சிறு வயதில் நாம் தின்ற பழைய ருசி அதில் அப்படியே இருக்க வேண்டும்" என்றார்.

சபையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புதியதும் வேண்டும், பழையதும் வேண்டும் என்றால் யார் என்ன செய்வது? பண்டகசாலை அதிகாரி கோபண்ணராயருக்கு மட்டும் முகம் மலர்ந்தது. தலைமைச் சமையற்காரி அங்கம்மாளை அனுப்பிவிட்டு அந்த இடத்தில் தன் மைத்துனனை உட்கார வைக்க அவர் மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரபு, இன்னொன்றையும் ஆணையில் சேர்க்க வேண்டும். சென்ற வருஷம் ஒரு சோமாசி எண்ணெயில் வாய் பிளந்தது. மறுவாரமே பட்டத்து யானைக்குக் காய்ச்சல் கண்டது. ஆகவே இனி வாய் பிளக்கும் சோமாசியை மடித்தவர், யாராயினும் சரி, அன்று பொழுது சாய்வதற்குள் எல்லை தாண்ட வேண்டும்" என்றார்.

ராஜாவின் நினைவு பழைய ருசியிலேயே இருந்தது. "அப்படியே எழுதும்" என்று முத்திரை மோதிரத்தை அழுத்திவிட்டார்.

அப்போது விகடகவி சீராளன் எழுந்தான். அவன் தும்மினாலும் ராஜா சிரிப்பார் என்பதால் ராயருக்கு அவனையும் பிடிக்காது. "மகாராஜா, அங்கம்மாளுக்கு நான் பொறுப்பு" என்றான்.

"தவறினால் இருவரும் சேர்ந்தே எல்லை தாண்டலாம். வழித்துணைக்கு ஆகும்" என்றார் ராயர். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

மறுநாளே ராயரின் மைத்துனன் தன் கைவரிசையைக் காட்டினான். பரங்கிக்காய்ப் பூரணம் வைத்து ஒன்று, இஞ்சியும் பலாக்கொட்டையும் வைத்து ஒன்று, தேனில் ஊறிய பாகற்காயை வைத்துத் தங்கரேக்கு ஒட்டி ஒன்று. ராஜா பாகற்காயைத் தின்றுவிட்டுக் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரங்கிக்காய் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பரங்கிக்காயாக இருக்கிறது. நாம் கேட்ட ருசி இது எதிலும் இல்லை" என்றார்.

சீராளன் மடைப்பள்ளிக்குப் போனான். அங்கம்மாள் மாவு பிசையாமல் வெறும் தாம்பாளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி, எம் பொண்ணுக்கு இது நிறைமாசம். இந்த நேரத்துல என்னை ஊரை விட்டுப் போகச் சொன்னா நான் எங்க போவேன்? அவளுக்கு என்னை விட்டா யாரு இருக்கா?" என்றாள்.

சீராளன் தாம்பாளத்தை எடுத்து ஒரு பக்கம் வைத்தான். "அக்கா, ராஜா சின்ன வயசில் தின்ற சோமாசி எப்படி இருந்தது? உனக்கு நினைவிருக்கா?" என்று கேட்டான்.

"நான் அப்ப புதுசா வேலைக்கு வந்தவ. அதே தேங்கா, அதே பொட்டுக்கடலை, அதே சர்க்கரைதான். ஒண்ணும் மாத்தலை. ராசா அப்பெல்லாம் அடுப்படியிலயே வந்து நிப்பாரு. நல்லதெல்லாம் சபைக்குப் போயிரும். எண்ணெயில வாய் பொளந்ததை மட்டும் சுடச்சுட அவர் கையில குடுப்போம். சர்க்கரை எண்ணெயில பட்டுச் செவந்து, மொறுமொறுன்னு இருக்கும். அதுக்கு அடிச்சுக்குவாரு. பட்டம் கட்டுனதுக்கு அப்புறம் பொளந்ததை எப்படி ராசாவுக்கு அனுப்புறது?"

சீராளன் அப்படியே நின்றுவிட்டான். ராஜா தேடும் ருசி எது என்று தெரிந்துவிட்டது. வாய் பிளந்த சோமாசிதான் அது. ஆனால் அதை யார் மடித்தாலும் அவர் நாட்டை விட்டுப் போக வேண்டும். ராயர் தெரிந்தோ தெரியாமலோ நல்ல இடத்தில்தான் பூட்டுப் போட்டிருந்தார்.

பிறகு அவன் மெல்லச் சிரித்தான். "அக்கா, மாவைப் பிசை. நீ ஒன்றைக்கூட மடிக்க வேண்டாம்" என்றான்.

தீபாவளிக்கு முதல் நாள் காலையில் சபையே மடைப்பள்ளி வாசலில் கூடியது. தூறல் விட்டபாடில்லை. சீராளன் ராஜாவை மட்டும் உள்ளே அழைத்தான்.

"மகாராஜா, உலகத்தில் ஒருவரும் தின்றிராத சோமாசி என்றால், அதை இதுவரை மடிக்காத கை மடிக்க வேண்டும். பூரணம் பழையது, மாவு பழையது. கை மட்டும் தங்களுடையது. தங்கள் கை மடித்த சோமாசியைத் தின்றவர் மூவுலகிலும் இல்லையே."

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. பட்டம் கட்டிய பிறகு அவர் அந்த வாசற்படியை மிதித்ததில்லை. அடுப்புக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அங்கம்மாள் தேய்த்துக் கொடுத்த மாவு வட்டத்தின் நடுவில் கை நிறையப் பூரணத்தை அள்ளி வைத்தார்.

"ஒரு கரண்டி போதும், மகாராசா" என்றாள் அங்கம்மாள்.

"நமக்கு எதற்குக் கஞ்சத்தனம்?" என்று இன்னும் கொஞ்சம் வைத்தார். விளிம்பை மடிக்கத் தெரியவில்லை. முத்திரை மோதிரத்தால் சுற்றிலும் அழுத்திவிட்டார். ஓலையில் குத்த வேண்டிய ராஜ முத்திரை சோமாசியில் வரிசையாக விழுந்தது.

எண்ணெயில் போட்டார்கள். அது ஒருமுறை புரண்டது. பிறகு சடசடவென்று வாய் பிளந்தது.

வெளியே நின்ற ராயருக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது. இதற்காகவே காத்திருந்தவர், கையிலிருந்த ஓலையைப் பிரித்துச் சபை அதிரப் படித்தார். "வாய் பிளந்த சோமாசியை மடித்தவர், யாராயினும் சரி, இன்று பொழுது சாய்வதற்குள் எல்லை தாண்ட வேண்டும். காவலர்களே, மடித்தவர் கையைப் பிடித்து வெளியே இழுத்து வாருங்கள்."

காவலர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் அப்படியே பின்வாங்கினார்கள். முழங்கை வரை மாவாக ராஜாவே வாசலுக்கு வந்தார்.

"எந்தப் பக்கத்து எல்லை, ராயரே? வடக்கா, தெற்கா?" என்று கேட்டார்.

ராயர் கையிலிருந்த ஓலை நழுவி, வாசலில் தேங்கிய மழைத்தண்ணீரில் விழுந்தது.

அதற்குள் அங்கம்மாள் அந்தப் பிளந்த சோமாசியை ஒரு வாழை இலைத் துண்டில் வைத்து நீட்டினாள். ராஜா ஊதி ஊதிக் கடித்தார். நாக்கு சுட்டது. சிவந்த சர்க்கரை பல்லில் ஒட்டியது. அவர் கண் கலங்கியதை எல்லாரும் பார்த்தார்கள்.

"இதுதான். அங்கம்மா, இத்தனை வருஷம் இதை எங்கே வைத்திருந்தாய்?" என்றார்.

"சபைக்கு ஆகாதுன்னு வேலைக்காரங்களுக்குக் குடுத்துட்டு இருந்தோம், மகாராசா."

ராஜா சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் முத்திரை வைத்த ஆணையாயிற்றே. அன்று பிற்பகல் ராஜா பரிசலேறி எல்லை ஆற்றைத் தாண்டினார். திரும்பி வரக்கூடாது என்று ஆணையில் யாரும் எழுதவில்லை என்பதைச் சீராளன் எடுத்துச் சொன்னான். அக்கரையில் நின்ற பரிசல்காரர்களுக்கு ஆளுக்கொரு சோமாசி கொடுத்துவிட்டு, விளக்கு வைப்பதற்குள் ராஜா திரும்பிவிட்டார். சோமாசிக் கூடையைத் தலையில் சுமந்து போய் வந்தவர் கோபண்ணராயர்.

கரையேறியதும் ராஜா ஆணையைக் கிழித்துப் போட்டார். தன் தோளிலிருந்த பட்டுச் சால்வையைச் சீராளனுக்குப் போர்த்தி, "இது போதாது. இன்னும் ஏதாவது கேள்" என்றார்.

"மகாராஜா, அங்கம்மாள் மகளுக்கு இது நிறைமாதம். தாய்க்கு மூன்று மாதம் விடுப்பு வேண்டும்."

"தந்தோம். ஆனால் நாளைக்குத் தீபாவளி. ஊருக்கெல்லாம் சோமாசி மடிப்பது யார்?"

சீராளன் ராஜாவின் மோதிரத்தைப் பார்த்தான். மோதிரத்தின் இடுக்கில் இன்னும் மாவு இருந்தது.

ராஜா மறுபடியும் சிரித்தார். மறுநாள் விடிந்ததும் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு போன சோமாசிகளில் பாதி வாய் பிளந்திருந்தது. அதற்கு மறுநாள் அங்கம்மாளுக்குப் பேத்தி பிறந்தாள். பட்டத்து யானையும் சௌக்கியமாகவே இருந்தது.