மைக் டெஸ்டிங்

சத்தம் தாங்கவில்லை என்று சொல்லி, உப்போடை ஊரில் யாரும் கூம்பு ஸ்பீக்கர் கட்டக் கூடாதென்று பேரூராட்சித் தலைவர் வைகுண்டமணி தடை போட்டார். சவுண்ட் செட் போடும் சிலுவைமுத்துவின் ஸ்பீக்கர்களும் பறிபோய் பேரூராட்சிக் கொட்டகையில் கிடந்தன. நாலு காசு பார்க்கிற கோயில் கொடைத் திருவிழா சீசனில் அவன் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

அப்போதுதான் தலைவரின் பிறந்தநாள் கூட்டம் வந்தது. அவர் சிலுவைமுத்துவைக் கூப்பிட்டார்.

"உன் செட்ட எடுத்துக் கட்டுல. நான் பேசுறது ஊருக்கே கேக்கணும். ஆனா தலைவரே தடைய மீறிட்டாருன்னு ஒருத்தன் சொல்லக் கூடாது. சொன்னாம்னா, செட்ட மறந்துரு."

"ஆகட்டும் அண்ணாச்சி."

தென்னைமரத்தில் ஸ்பீக்கர் ஏறுவதைப் பார்த்த பெண்கள், "தடை நமக்கு மட்டுந்தான் போல" என்று உரக்கவே பேசிக்கொண்டார்கள். மாலையில் தலைவர் மேடைக்கு வந்ததும் சிலுவைமுத்து வழக்கம்போல மைக்கைத் தட்டினான்.

"ஹலோ, மைக் டெஸ்டிங். பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. அண்ணாச்சி தன் பிறந்தநாளை முன்னிட்டு ஸ்பீக்கர் தடையை நீக்கிவிட்டார். பறித்த செட்டுகளை நாளைக் காலையில் வந்து வாங்கிக்கொள்ளலாம். ஹலோ, ஒன், டூ, த்ரீ..."

கூட்டம் விசிலடித்தது. குறை சொன்ன பெண்களே எழுந்து நின்று கைதட்டினார்கள்.

தலைவர் பாய்ந்து வந்து மைக்கைப் பொத்தினார். "ஏல, நான் எப்பம்ல நீக்குனேன்?"

"ஊருக்கே கேட்டாச்சு அண்ணாச்சி. நீங்க தடைய மீறுனதா இனி ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. நீக்கலைன்னா, அத நீங்களே மைக்ல சொல்லிருங்க."

கைதட்டல் ஓயவில்லை. தலைவர் கூட்டத்தைப் பார்த்தார், மரத்து உச்சியைப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, "ஆமா மக்களே, ரொம்ப நாளாவே என் மனசுல இருந்த விஷயம் இது" என்று ஆரம்பித்தார்.

சிலுவைமுத்து சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தான்.